கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சி: சீட்டுப் பணத்தைத் தொடாதீர்கள்

கேள்வி: மேடம், நான் விருதுநகர் பக்கம் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செல் உயிரியலும் மூலக்கூறு உயிரியலும் ரொம்பப் பிடிக்கும். எங்கள் லேபில் டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். மெஷின் ஒன்று இருக்கிறது. உறை போட்டு மூடியே வைத்திருப்பார்கள், நாங்கள் யாரும் தொட்டதில்லை. கையால் செய்தது என்றால் வெங்காய வேர் நுனியும், கைரோனோமஸ் என்ற கொசு போன்ற பூச்சியின் புழுவிலிருந்து எடுக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியும்தான். அதிலும் ஆறு புழு கிழிந்துபோய் ஏழாவதில்தான் குரோமோசோம் தெரிந்தது. சென்னையில் ஒரு பயிற்சி நிலையம் 15 நாள் மூலக்கூறு உயிரியல் பயிற்சிக்கு 12,000 ரூபாய் கேட்கிறது. அம்மா சீட்டு எடுத்துக் கட்டிவிடலாம் என்கிறார். கட்டலாமா? பெரிய ஆராய்ச்சி நிறுவனங்களில் என்னைப் போன்றவர்களைச் சேர்ப்பார்களா? அமெரிக்காவில் ஆர்.இ.யு. என்று ஏதோ இருக்கிறதாமே? எங்கே சேர்த்தாலும் ஒன்றும் தெரியாமல் முழித்துக்கொண்டு நிற்பேனோ என்று பயமாக இருக்கிறது. அப்பாவுக்கோ இரண்டு மாதம் வெளியூரில் விட மனசில்லை.

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

முதலில் பண விஷயத்தை முடித்துவிடுவோம். அந்த 12,000 ரூபாயைக் கட்டாதீர்கள். ஏலச்சீட்டை அவசரத்துக்கு எடுத்தால் தள்ளிலேயே ஒரு தொகை போய்விடும் என்று உங்கள் அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அப்படி எடுத்த பணத்துக்கு ஈடாக அந்த 15 நாளில் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். பெரும்பாலான இடங்களில் கிட் வாங்கி வைத்திருப்பார்கள். இருபது முப்பது பேர் சுற்றி நிற்க, ஒருவர் பிப்பெட் பிடிப்பார். டி.என்.ஏ. பிரித்தெடுப்பார்கள், அதை ஜெல்லில் ஓட்டுவார்கள், டி.என்.ஏ. இருக்கும் இடத்தில் பட்டை வரும். வரும் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். கடைசி நாளில் சான்றிதழ் கொடுத்து போட்டோ எடுப்பார்கள். நேர்மையாகச் சொல்லித்தரும் நிலையங்களும் உண்டு, அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் நான் பெங்களூரில் ஓர் ஆய்வகம் நடத்துகிறேன், ஒவ்வொரு மே மாதமும் என் லேபுக்கு இரண்டு மூன்று மாணவர்கள் வருகிறார்கள். அவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தச் சான்றிதழுக்காக ஒருவரையும் நான் எடுத்ததில்லை.

நான் எதைப் பார்ப்பேன் என்றால், உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஏழாவது புழுவைத்தான்.

கைரோனோமஸ் சுரப்பியைக் கிழியாமல் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். தலையை ஓர் ஊசியால் பிடித்து, உடலை இன்னோர் ஊசியால் மெல்ல இழுக்க வேண்டும். கொழுப்புத் திசுவுக்கு நடுவே கண்ணாடி மாதிரித் தெரியும் அந்தச் சின்னப் பையை அடையாளம் காண வேண்டும். ஆறு முறை தோற்ற பிறகும் ஏழாவது புழுவை எடுத்தீர்கள் பாருங்கள், விண்ணப்பத்தில் எழுத வேண்டியது அதுதான். எனக்கு வரும் விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் "சிறு வயதிலிருந்தே அறிவியலில் ஆர்வம்" என்றுதான் தொடங்குகின்றன. அதைப் படித்து எழுதியவரைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. "ஆறு புழு கிழிந்தது, ஏழாவதில் குரோமோசோம் தெரிந்தது, அதன் நடுவே ஓர் இடம் மட்டும் ஊதியிருந்தது, அது ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும்" என்று ஒருவர் எழுதினால் நான் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பேன்.

ஊதியிருந்ததைப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் திரும்பப் போய்ப் பாருங்கள். 1881-இல் பிரெஞ்சு விஞ்ஞானி பால்பியானி இதே கைரோனோமஸ் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில்தான் இந்த ராட்சதக் குரோமோசோம்களை முதலில் விவரித்தார். அவற்றில் சில இடங்கள் மோதிரம் போட்டது போல் உப்பியிருக்கும். அந்த வளையங்களுக்கு இன்றும் அவர் பெயர்தான். சுமார் எழுபது ஆண்டு கழித்து, 1950-களில் ஜெர்மன் விஞ்ஞானி பீர்மன் ஒன்றைக் கவனித்தார்: எந்த இடம் உப்பும் என்பது திசுவுக்குத் திசு மாறுகிறது. அதாவது, அந்த நேரத்தில் வேலை செய்துகொண்டிருக்கும் மரபணு அங்கே விரிந்து கிடக்கிறது. மரபணு இயங்குவதை சாதாரண மைக்ராஸ்கோப்பில் கண்ணால் பார்க்க முடிகிற இடம் இது. உங்கள் கல்லூரி லேபில் இருப்பதை வைத்தே நீங்கள் மூலக்கூறு உயிரியலின் வாசலில் நின்றுவிட்டீர்கள். பி.சி.ஆர். மெஷினுக்கு உறை போட்டிருப்பதால் உங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று நினைக்காதீர்கள்.

இன்னும் ஒன்று சொல்கிறேன், முடிந்தால் செய்து பாருங்கள். இத்தாலியைச் சேர்ந்த ரிட்டோஸா பழ ஈயின் சுரப்பிக் குரோமோசோம்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஆய்வகத்தில் யாரோ இன்குபேட்டரின் சூட்டைக் கூட்டிவிட்டார்கள். அன்று பார்த்த குரோமோசோம்களில் வழக்கத்தில் இல்லாத புது உப்பல்கள் இருந்தன. சரி, கெட்டுப்போன சோதனை என்று அவர் தூக்கிப் போடவில்லை. 1962-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். பாக்டீரியா முதல் மனிதர் வரை எல்லா உயிர்களின் செல்லிலும் இருக்கும், சூடு போன்ற பாதிப்பிலிருந்து செல்லைக் காக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் பற்றிய ஆராய்ச்சி அங்கிருந்துதான் கிளம்பியது. இதை உங்கள் கல்லூரியிலேயே செய்யலாம். கனிந்த வாழைப்பழத்தை வைத்தால் பழ ஈ தானாக வரும். பாட்டிலின் சுவரில் ஏறத் தொடங்கும் முதிர்ந்த புழுக்களை எடுத்து, பாதியை 25 டிகிரியில் விட்டுவிட்டு, மீதியை 37 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள். பிறகு இரண்டிலும் சுரப்பியை எடுத்துச் சாயம் ஏற்றி ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் ஏப்ரலில் செய்யாதீர்கள். உங்கள் ஊரில் அப்போது அறையே 37 டிகிரியைத் தொட்டுவிடும். எது சூடு பட்டது, எது படாதது என்ற வித்தியாசமே இருக்காது. மார்கழி, தை மாதத்தில் செய்யுங்கள். சூடு படாத அந்தப் பாதிப் புழுக்களைத்தான் கன்ட்ரோல் என்கிறோம். அது ஏன் தேவை என்று புரிந்த மாணவிக்கு மற்றதையெல்லாம் இரண்டு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

இப்போது எங்கே விண்ணப்பிப்பது என்று பார்ப்போம். பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாடமி (Indian Academy of Sciences), டெல்லியில் உள்ள இந்திய தேசிய அறிவியல் அகாடமி, பிரயாக்ராஜில் உள்ள தேசிய அறிவியல் அகாடமி ஆகிய மூன்றும் சேர்ந்து கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டம் ஒன்றை நடத்துகின்றன. தேர்வானால் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் இடம், உதவித்தொகை, போய்வர ரயில் கட்டணம் எல்லாம் தருகிறார்கள். நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. கல்லூரி ஆசிரியர்களும் இதே திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். இதை உங்கள் விலங்கியல் ஆசிரியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆசிரியர் ஒருவர் போய்வந்தால் அந்த பி.சி.ஆர். மெஷினின் உறை தானாகக் கழன்றுவிடும். இது போக, பெங்களூர் ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம் தனியாக ஒரு கோடைத் திட்டம் நடத்துகிறது. இவற்றுக்கெல்லாம் விண்ணப்பம் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே வந்துவிடும். கோடைக்கால வேலைதானே என்று பலர் மார்ச்சில் தேடத் தொடங்கி ஏமாந்துபோகிறார்கள். நீங்கள் அக்டோபரிலிருந்தே அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

பிளஸ் டூ தேர்வில் மாநில அளவில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்திருந்தால் மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை வாங்குகிறீர்களா என்று பாருங்கள். ஆண்டுக்கு 80,000 ரூபாய் என்று அவர்கள் சொல்வதில் 20,000 ரூபாய் கோடைக்கால ஆராய்ச்சிக்கு என்றே ஒதுக்கியது. உங்கள் வகுப்பில் யாராவது அதை வாங்கிக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.

அமெரிக்காவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆர்.இ.யு. என்பது அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளை இளநிலை மாணவர்களின் ஆராய்ச்சிப் பயிற்சிக்காக 1987 முதல் நடத்தும் திட்டம். ரொம்ப நல்ல திட்டம்தான். ஆனால் அந்த நிதி அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரமாக அங்கே குடியிருப்போருக்கும் உரியது. இப்போதைக்கு அதை விட்டுவிடுங்கள்.

திட்டங்கள் வழியாகப் போவது ஒரு வழி. விஞ்ஞானிக்கு நேராக மின்னஞ்சல் எழுதுவது இன்னொரு வழி. இதில்தான் நம் பிள்ளைகள் நிறையக் கோட்டைவிடுகிறார்கள். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்புவார்கள், சில நேரம் பெயரைக்கூட மாற்றாமல். அப்படிச் செய்யாதீர்கள். ஐந்து பேரை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரும் அண்மையில் எழுதிய ஒரு கட்டுரையைப் படியுங்கள். பணம் கட்டாமல் படிக்க பயோஆர்க்கைவ் (bioRxiv) என்ற இணையதளத்தில் நிறையக் கிடைக்கும். முழுவதும் புரியாது, எனக்கே என் துறைக்கு வெளியே புரியாது. ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் என்ன செய்திருக்கிறார்கள், எதை எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று புரியும்வரை உட்காருங்கள். பிறகு பத்து வரியில் கடிதம் எழுதுங்கள்: நான் யார், இந்தப் படத்தில் எனக்குப் புரிந்தது இது, புரியாதது இது, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும். அவ்வளவு போதும். ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. புரியாததைச் சரியாகக் கேட்டிருந்தால் பதில் வரும். பத்து நாள் பார்த்துவிட்டு, வரவில்லை என்றால் ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள்.

ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர்கள் எந்த உயிரியை வைத்து வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். உங்களுக்கு இருப்பது எட்டு வாரம். ஈஸ்ட் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். இன்று தவறாகப் போனால் நாளை மறுபடி செய்யலாம். சி. எலிகன்ஸ் என்ற உருளைப்புழு மூன்று நாளில் முட்டையிலிருந்து முட்டை வரை வந்துவிடும். பழ ஈக்கு 25 டிகிரியில் பத்து நாள். இவற்றில் எட்டு வாரத்துக்குள் ஒரு கேள்வியைத் தொடங்கி முடிக்க முடியும். சுண்டெலிக்குக் கருக்காலமே மூன்று வாரம், பிறந்த குட்டி முதிர இன்னும் ஆறு, ஏழு வாரம். அங்கே நீங்கள் யாரோ நடத்தும் சோதனையின் நடுவில் ஏறி நடுவிலேயே இறங்க நேரிடும். அதிலும் கற்றுக்கொள்ளலாம்தான். ஆனால் முதல் கோடைக்கு ஈஸ்ட்டோ ஈயோ புழுவோ நல்லது என்பது என் அபிப்பிராயம். விலங்கியல் மாணவி என்பதால் ஈயும் புழுவும் உங்கள் கைக்குப் பழகியவை வேறு.

பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது பதவியைப் பார்க்காதீர்கள். உங்கள் பெயரே தெரியாத முதல்வரின் கடிதத்தைவிட, ஏழாவது புழுவின்போது பக்கத்தில் நின்ற ஆசிரியரின் கடிதத்துக்கு மதிப்பு அதிகம். நீங்கள் செய்த சோதனைகளை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். அவருக்கும் வேலை எளிதாகும். அப்புறம், முதல்வரிடம் வாங்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. செமஸ்டர் தேர்வு முடியும் தேதியும் ஜூனில் கல்லூரி திறக்கும் தேதியும் பயிற்சியோடு மோதும். இரண்டு மூன்று வார வருகைப் பதிவு போகும். தேர்வான பிறகு ஓடாமல், விண்ணப்பிக்கும்போதே எழுத்தில் அனுமதி வாங்கி வையுங்கள். இந்த ஒரு காரணத்துக்காக, கிடைத்த இடத்தை விட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கும்.

ஒன்றும் தெரியாமல் நிற்பேனோ என்று பயப்படுகிறீர்கள். முதல் வாரம் கட்டாயம் அப்படித்தான் நிற்பீர்கள், எல்லோரும் நிற்பார்கள். முதல் இரண்டு வாரம் கை பழகவே சரியாக இருக்கும். அதற்கு இங்கிருந்தே கொஞ்சம் தயாராகலாம். புதிதாக வரும் மாணவர்கள் தடுமாறுவது பெரிய தத்துவங்களில் அல்ல, சாதாரணக் கணக்கில். 50 மடங்கு அடர்த்தியான பஃபர் கரைசலிலிருந்து ஒரு லிட்டர் ஒரு மடங்கு பஃபர் செய்ய எத்தனை மில்லி எடுக்க வேண்டும்? 20 மில்லி. ஒரு சதவீத ஜெல் 100 மில்லி செய்ய எத்தனை கிராம் அகரோஸ் தூள்? ஒரு கிராம். இந்த மாதிரிக் கணக்குகளைத் தினம் நான்கு போட்டுப் பழகுங்கள். கல்லூரியில் மைக்ரோபிப்பெட் இருந்தால், நுண் தராசில் ஒரு சின்னக் கிண்ணத்தை வைத்துத் தண்ணீரை விட்டுப் பாருங்கள். 1000 மைக்ரோலிட்டர் தண்ணீர் ஒரு கிராம் இருக்கும், 100 மைக்ரோலிட்டர் 0.1 கிராம். பத்து முறை விட்டு, பத்தும் எவ்வளவு நெருங்கி வருகின்றன என்று எழுதிவையுங்கள். கட்டைவிரலை எவ்வளவு மெதுவாக விட வேண்டும் என்று தராசே சொல்லிக்கொடுத்துவிடும். செலவு வெறும் தண்ணீர்தான்.

மூன்றாவது வாரத்தில் சோதனை பொய்க்கத் தொடங்கும். அங்கிருந்துதான் உண்மையான பயிற்சி ஆரம்பம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்க் கல்லூரியிலிருந்து ஒரு பையன் என் லேபுக்கு வந்தான். பி.சி.ஆர். வைத்தான். டி.என்.ஏ. சேர்க்காமல் வெறும் தண்ணீர் விட்ட குழாயிலும் ஜெல்லில் பட்டை வந்தது. வரக்கூடாது. தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டான். மறுநாளும் அதே பட்டை. மூன்றாம் நாள் கண் கலங்கி என் அறைக்கு வந்தான். கிழித்த பக்கத்தைத் தேடி எடுத்து வரச் சொன்னேன். குப்பைக்கூடையிலிருந்து எடுத்து ஒட்டினோம். பிறகு பி.சி.ஆருக்குச் சேர்க்கும் பொருள்களை அவனே ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தான்: முதலில் என்ஸைம், பிறகு பிரைமர், பிறகு பஃபர், கடைசியாகத் தண்ணீர். தண்ணீரை மாற்றியதும் பட்டை போய்விட்டது. எல்லோரும் பொதுவாக எடுத்துக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயில் யார் கையிலிருந்தோ டி.என்.ஏ. கலந்திருக்கிறது. அதற்கு முன் அந்த மாதம் அதே தண்ணீரை வைத்து இரண்டு பேர் செய்த சோதனைகளை அவனால்தான் நாங்கள் திரும்பச் செய்தோம். கோடை முடிவில் அவன் கொடுத்த சிற்றுரையில் பாதி அந்தத் தண்ணீரைப் பற்றித்தான். ஒட்டுப் போட்ட அந்தப் பக்கத்தின் நகலை பி.சி.ஆர். மெஷினுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் காட்டுவேன்.

அதனால் உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். என்ன வந்தாலும் அன்றே தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். கிழிக்காதீர்கள். தெரியாததை அன்றைக்கே கேளுங்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்பது இன்னும் கஷ்டமாகிவிடும். ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினால் மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். பேராசிரியரைவிட, பக்கத்து மேசையில் இருக்கும் பிஎச்.டி. அக்காவோ அண்ணனோதான் உங்களுக்கு அதிகம் சொல்லித்தருவார்கள். அவர்கள் நேரம் கொடுப்பது சும்மா இல்லை, தங்கள் வேலையை நிறுத்திவிட்டுத்தான் கொடுக்கிறார்கள் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

இடம் கிடைக்காமலும் போகலாம். விண்ணப்பிப்பவர்கள் ஏராளம், இடங்கள் கொஞ்சம். அப்படி ஆனால் கோடையை வீணாக்காதீர்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிரியல் புலம் இருக்கிறது, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையோடு சேர்ந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் கண் நோய்களின் மரபியலைப் பார்க்கிறார்கள். இரண்டும் நீங்கள் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். அங்குள்ளவர்களுக்கும் மேலே சொன்ன மாதிரியே எழுதுங்கள். மூன்றாம் ஆண்டிலும், எம்.எஸ்சி. சேர்ந்த பிறகும் பெரிய திட்டங்களுக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம்.

கடைசியாக உங்கள் அப்பா. அவருடைய தயக்கத்தைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். தேர்வுக் கடிதம் வந்ததும் அதை அவரிடம் காட்டுங்கள். தங்குமிடம் வளாகத்துக்குள்ளா வெளியிலா, பெண்களுக்குத் தனி விடுதி உண்டா, இரவு லேபிலிருந்து விடுதிக்கு எப்படிப் போவது என்று நிறுவன அலுவலகத்துக்கு அவரையே போன் செய்து கேட்கச் சொல்லுங்கள். இந்தக் கேள்விகள் அவர்களுக்குப் பழக்கமானவை, யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பாலியல் தொல்லை பற்றிப் பெண்கள் புகார் கொடுக்க நிறுவனத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013 முதல் சட்டம். அதன் உறுப்பினர்கள் யார் என்பதையும் போய்ச் சேர்ந்த முதல் நாளே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அப்பாவே கூட வந்து விட்டுவிட்டுப் போகட்டும். என் லேபுக்கு வந்த பிள்ளைகளில் பலரின் அப்பாக்கள் அப்படி வந்து, மைக்ராஸ்கோப்பில் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் ஊருக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

உதவித்தொகை பெரும்பாலும் தாமதமாகத்தான் கைக்கு வரும். விடுதி, சாப்பாடு, பஸ் என்று முதல் மாதச் செலவுக்குப் பணம் தயாராக வேண்டும். அம்மாவின் சீட்டு அப்போது முதிர்ந்திருந்தால் அதிலிருந்து கொஞ்சம் கேளுங்கள், தொகை வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.